சாமைச் சோறும் சபை மரியாதையும்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் பேருந்தில் வலப்புறச் சன்னலோரம் இடம் கிடைப்பது ஒரு பேறு. கண்ணமங்கலத்தைக் கடந்ததும் மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் நம்மோடு கூடவே வரத் தொடங்கும். மழைக்காலமாயின் அதன் தோள்களில் மேகம் படுத்திருக்கும். கோடையில் காய்ந்த பாறைகளின் பழுப்பு நிறம் கண்ணைக் கூசச் செய்யும். அம்மலைக்குக் கிழக்கு வாயில் வைத்தாற்போல அமைந்த ஊர் சந்தவாசல். இங்கிருந்து மேற்கே பிரியும் சாலை, 14ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர்களுக்குத் தலைநகராய் விளங்கிய படவேட்டுக்குச் செல்கிறது. ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி வெள்ளிகளில் போகும் கூட்டம் இவ்வூரைக் கடந்துதான் போக வேண்டும். மற்ற நாள்களில் சந்தவாசல் அவசரமில்லாத ஊர். வாசகர்களை நாம் அழைத்துச் செல்ல விரும்புவது மன்னர் இருந்த படவேட்டுக்கன்று, சந்தவாசலின் கடைத்தெருவுக்கே.

மலைமக்கள் தங்கள் பொருள்களைக் கொண்டுவந்து விற்கும் அடிவார ஊர்களுள் இதுவும் ஒன்று. புளி, கடுக்காய், தேன், பருவத்தில் பலாவும் சீத்தாப்பழமும், இவற்றோடு சாமை. மலையில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைத்துவிடலாகாது; மலையை ஆள்வோர் என்னும் பொருளிலேயே அவர்கள் அதைக் கொள்கின்றனர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. பேசுவது தமிழ்; விதைப்பது வானத்தை நம்பி.

அண்மையில் ஒரு முற்பகலில் நாம் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, சாலையோரத்தில் ஒரு மூதாட்டி கோணிமேல் சாமையைக் குவித்து அமர்ந்திருந்தார். மகிழுந்து ஒன்று வந்து நின்றது. படித்த, பண்பான குடும்பம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அம்மையார் இறங்கி வந்து சாமையை அள்ளிப் பார்த்தார்; உரம் போடாததுதானா, கல் இருக்குமா என்று விசாரித்தார். சர்க்கரை நோய்க்கு இதைவிட நல்லது கிடையாது என்று மருத்துவர் சொன்னதாகத் தம் கணவரிடம் கூறினார். விலையில் சிறிது குறைத்து ஐந்து படி வாங்கினார். அதற்குள் அவர்களுடைய சிறுவன் தாகமென்று சொல்லி, கிழவியின் பக்கத்திலிருந்த குடத்தை நோக்கிக் கைநீட்டினான். கிழவியும் மலர்ந்த முகத்தோடு சொம்பை எடுத்தார். “அங்கெல்லாம் குடிக்காதேப்பா, வண்டியிலே பாட்டில் இருக்கு” என்றார் அம்மையார். சினந்து சொல்லவில்லை, மெல்லத்தான் சொன்னார். கிழவி சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாமையைக் கட்டிக் கொடுத்தார்.

கண்ட நீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாகாது என்பது நல்ல சுகாதார விதிதான். அதை நாம் மறுக்கவில்லை. எனினும் அந்தக் கை புடைத்து எடுத்த தானியம் மருந்தாகிறது. அதே கை மொண்டு கொடுக்கும் நீர் ஐயத்துக்குரியதாகிறது. பேருந்து வரும்வரையில் நாம் இதையே சிந்தித்துக்கொண்டிருந்தோம்.

நம் வடஆர்க்காட்டுப் பகுதியில் முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘நெல்லுச் சோறு’ என்றொரு சொல் அவர்கள் வாயில் வரும். சோறு என்றாலே நெல்லரிசிச் சோறு என்று இன்றைய பிள்ளைகள் எண்ணுகின்றனர்; அக்காலத்திலோ அதைத் தனியே அடைமொழி கொடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றாடம் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ். மலையில் சாமைச் சோறு. நெல்லுச் சோறு கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்குவுக்கும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும், பிறகு யாராவது விருந்தாளி வந்தால். பெண் பார்க்கச் செல்வோர், “அந்த வீட்டில் தினமும் நெல்லுச் சோறு” என்று கேள்விப்பட்டால் அதற்குமேல் அதிகம் விசாரிக்க மாட்டார்கள். கூழ் குடிப்பவன் கூலிக்காரன்; களி தின்பவன் காட்டான்; சோறு உண்பவன் மனிதன். இப்படியொரு படிக்கட்டை யாரோ கட்டிவைத்தார்கள். எல்லாரும் அதில் ஏறப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவெனில், ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போது மட்டும் பெரிய வீட்டாரும் பாத்திரம் அனுப்பி அதை வாங்கிக்கொள்வார்கள்.

அப்படிக்கட்டில் ஏறியவர்களை நாம் குறை கூறோம். சாமையை உண்ணுவதற்கு முன் என்ன பாடு என்பதை நகரத்தார் அறியார். ஆடிப் பட்டத்தை ஒட்டி விதைத்தால் மூன்று, மூன்றரை மாதத்தில் கதிர் முற்றும். அதன்பின் அடிக்க வேண்டும், காயவைக்க வேண்டும், உரலிலிட்டு உலக்கையால் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், மீண்டும் குத்த வேண்டும். சாமை மிகச் சிறிய தானியம். உமி இறுகப் பற்றியிருக்கும். ஒரு வேளைச் சோற்றுக்காக ஒரு பெண் விடியுமுன் எழுந்து குத்திய காலம் அது. நியாயவிலைக் கடையில் தீட்டிய அரிசி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது அவள் உலக்கையை மூலையில் சாத்தினாள். தமிழ்நாட்டில் 2006இல் கிலோ 2 ரூபாய். 2008இல் 1 ரூபாய். 2011 சூன் முதல் விலையில்லாமலே அரிசி. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் மலைப் பள்ளிகளிலும் அரிசிச் சோற்றையே தட்டில் வைத்தன. பசி அடங்கியது. பசியை அடக்கிய எதையும் இகழ்ந்து பேச நமக்கு மனம் வராது.

ஆனால் படிக்கட்டின் உச்சியில் அரிசியை வைத்து மலைமக்கள் ஏறி முடிக்கும் வேளையில், மேலே நின்றவர்கள் படிக்கட்டையே திருப்பிவிட்டார்கள். 2018இல் நடுவண் அரசு அரசிதழில் இத்தானியங்களின் பெயரை மாற்றியது. அதுவரை ஆங்கிலத்தில் முரட்டுத் தானியம் எனப்பட்டவை சத்துத் தானியம் ஆயின. இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தில்லியில் ஜி-20 நாட்டுத் தலைவர்களுக்கு அளித்த விருந்திலும் சிறுதானியப் பண்டங்கள் இடம்பெற்றன. நல்லதே. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்கும் தேறாது. ஏழை அறியாமையால் தின்றான் என்று எண்ணியிருந்தது அறிவுடைய உணவே என்று அறிவியல் சான்று தருகிறது.

இதனால் மலையில் என்ன நடந்தது? சாமைக்கு விலை கூடியது. ஆகவே விளைத்தவர் அதை விற்றுவிட்டு ரேஷன் அரிசியை உண்கிறார். இப்போது அவர்களுக்கு அறிவுரையும் வழங்கப்படுகிறது: “உங்கள் பாரம்பரிய உணவை ஏன் கைவிட்டீர்கள்?” அன்று சாமை தின்றதற்காக இகழப்பட்டார்கள்; இன்று அதை விட்டதற்காக இடித்துரைக்கப்படுகிறார்கள். தானியம் மாறி மாறி ஏறி இறங்கியது. உண்பவரின் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. மண்பானையும் இவ்வாறே. குடிசையில் இருந்தபோது அது வறுமை. இன்று குளிரூட்டிய உணவகத்தில் கலைப்பொருள். அவளோ அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறிவிட்டாள். அதற்காகவும் அவளுக்கு ஒரு கெட்ட பெயர் காத்திருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் வாய்த்த நோயன்று. சீமை என்று நம் முன்னோர் வியந்த இங்கிலாந்தில் இதையே ரொட்டியில் காணலாம். அங்கே முன்னாளில் பிரபுக்களின் மேசைக்கு வெள்ளை ரொட்டி; குடியானவனுக்கு ரை என்னும் தானியமும் பார்லியும் கலந்த கறுத்த ரொட்டி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எஃகு உருளை ஆலைகள் வந்து வெள்ளை மாவை மலிவாக்கின. தொழிலாளியும் வெள்ளை ரொட்டி உண்ணலானான். ஏழைக்கு எட்டியதும் வெள்ளைக்கு மதிப்புப் போயிற்று. படித்த செல்வர்கள் பழுப்பு ரொட்டிக்குப் போய்விட்டார்கள். ரொட்டிகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்தன. கேலி செய்தவரும் கேலிக்குள்ளானவரும் மட்டும் இடம் மாறவில்லை. 1937இல் வெளியான தம் நூலொன்றில் சியார்ச் ஆர்வெல் இங்கிலாந்தின் வேலையற்றோரின் உணவைப் பற்றி எழுதுகிறார். சத்தில்லாத வெள்ளை ரொட்டியும் சர்க்கரை மிகுந்த தேநீரும் அவர்களுடையவை. அவர்களுக்குச் சிக்கனமும் சத்துணவும் போதிக்க வந்த மேட்டுக்குடியினரை அவர் நன்றாகவே கிண்டல் செய்கிறார். வாழ்வு முழுவதும் சுவையற்றுப் போனவனுக்கு நாவிலாவது சிறிது சுவை வேண்டுமே என்பது அவர் வாதம். தாழ்ந்த வகுப்பாரிடம் ஒரு நாற்றம் உண்டென்று தமக்கும் தம்மையொத்த பிள்ளைகளுக்கும் இளமையில் கற்பிக்கப்பட்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பிறகு 1954இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்து மொழிநூலார் ஆலன் ராஸ் என்பவர், ஓர் ஆங்கிலேயர் மேல்குடியைச் சேர்ந்தவரா அல்லரா என்பதை அவர் ஆளும் சொற்களைக் கொண்டே அறியலாமென்று ஒரு கட்டுரை வரைந்தார். மேசையில் வாய் துடைக்கும் துணியை ‘நாப்கின்’ என்றால் மேல்குடி. ‘செர்வியட்’ என்றால் அன்று. இதை நான்சி மிட்ஃபோர்டு என்னும் எழுத்தாளர் மறு ஆண்டில் பரப்பியபோது நாடே தன் நாவைத் தானே பரிசோதித்துக்கொண்டது. தேநீரில் பாலை முன்னே ஊற்றுவதா பின்னே ஊற்றுவதா என்பதும் அங்கே குலம் காட்டும் குறியாய்க் கருதப்பட்டது. சிரிப்பு வருகிறதல்லவா? நம்மூரில் காப்பிக்கும் தேநீருக்கும் இருந்த வேற்றுமையை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். காப்பி நடுத்தர வகுப்பாரின், அதிலும் பிராமணர் இல்லங்களின் பெருமையாகவும், தேநீர் உழைப்பாளியின் பானமாகவும் தமிழகத்தில் நிலைபெற்ற வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் விரித்திருக்கிறார். ஆங்கிலேயர் துணியின் பெயரைக் கொண்டு வகுப்பை அளந்தனர். நாமோ தேநீர்க் கடையில் இரண்டு வகைக் குவளைகள் வைத்துப் பிறப்பையே அளந்தோம். அவர்களுடையது நகைப்புக்குரியது, நம்முடையது பாவம். ஆண்டவனின் ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும்கூட நம்மவர் சிலர் அந்த அளவுகோலைக் கொண்டுவந்தார்கள் என்பதை இவ்விதழில் எழுதக் கூசுகிறோம், எனினும் மறைப்பதற்கில்லை.

இவ்வளவுக்கும் நம் பண்டையோர் அனைவரும் இப்படி இருந்தவர்களல்லர். புல்வேளூரில் தமக்கு இடப்பட்ட வரகரிசிச் சோற்றையும் கத்தரிக்காயையும் மோரையும் ஔவையார் உலகையே விலையாகச் சொல்லிப் புகழ்ந்தார் என்பது தனிப்பாடல் மரபு. கன்னடத்தில் 16ஆம் நூற்றாண்டின் கனகதாசர் ‘ராமதான்ய சரிதே’ என்றொரு நூல் செய்தார். ஆடு மேய்க்கும் குலத்தில் தோன்றிய அடியார் அவர். அந்நூலில் நெல்லும் கேழ்வரகும் தம்முள் யார் பெரியவர் என்று இராமன் அவையில் வழக்காடுகின்றன. செல்வர் வீட்டுக்கும் வேள்விக்கும் உரியவன் நான் என்கிறது நெல். வறியவரைக் காப்பவன் நான் என்கிறது கேழ்வரகு. இராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையிலிடச் செய்கிறான். வெளியே எடுத்தபோது நெல் கெட்டுப்போயிருந்தது. கேழ்வரகு கெடாமல் இருந்தது. தானியத்தைச் சாக்கிட்டுச் சாதியைப் பற்றிப் பேசிய அந்த அடியாரின் துணிவு பெரிது.

நம் மறைநூலிலும் ஒரு தானிய வழக்கு இருப்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. அப்பம் பலுகச் செய்த புதுமையை நான்கு நற்செய்தியாளரும் எழுதியிருக்கின்றனர். அந்த ஐந்து அப்பங்களும் வாற்கோதுமை அப்பங்கள் என்று சொல்பவர் அருளப்பர் ஒருவரே. வாற்கோதுமை அந்நாட்டில் ஏழையின் தானியம். திருவெளிப்பாட்டில் பஞ்சகால விலை கூறப்படும் இடத்தைப் பாருங்கள்: ஒரு தெனாரியத்துக்குக் கோதுமை ஒரு படி, வாற்கோதுமையோ மூன்று படி. ஆக, அச்சிறுவன் கையிலிருந்தது நம்மூர்க் கணக்கில் களி உருண்டை. ஐயாயிரம் பேர் நடுவில் அதை வெளியே எடுக்க அவன் கூசியிருந்தால்? ஆண்டவர் அதைக் கையில் ஏந்தி நன்றி கூறினார். கோதுமையாக மாற்றிப் பரிமாறவில்லை. மீந்த பன்னிரண்டு கூடைகளிலும் வாற்கோதுமைத் துண்டுகளே இருந்தன.

ஆதித் திருச்சபையிலும் இந்நோய் விரைவில் புகுந்துவிட்டது. கொரிந்து நகரில் அன்புவிருந்துக்குச் செல்வர்கள் முன்னதாகவே வந்து தங்கள் உணவைத் தாங்களே உண்டு முடித்தனர். பின்னால் வந்த ஏழைகள் பசியோடு நின்றனர். புனித சின்னப்பர் தம் முதல் திருமுகத்தில் இதைக் கடிந்து, இல்லாதவரை நாணச் செய்வது கடவுளின் சபையையே இழிவுபடுத்துவது என்னும் பொருள்பட எழுதினார். நற்கருணையை ஆண்டவர் ஏற்படுத்திய வரலாற்றை அவர் எடுத்துரைப்பது இந்தச் சோற்றுத் தகராற்றுக்கு நடுவில்தான் என்பதை வாசகர்கள் அத்திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். யாகப்பரோ இன்னும் வெளிப்படையானவர். பொன் மோதிரத்தோடு வருபவனுக்கு நல்ல இருக்கை, கந்தையோடு வருபவனுக்குக் கால்மணைப் பக்கம் என்று வகுத்த சபையினரை நேருக்குநேர் கேட்கிறார். பங்கு விழாவில் முன்வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தும் நம் இளைஞர்கள் யாரைக் கண்டதும் எழுந்து ஓடுகிறார்கள் என்பதை ஒருமுறை கவனித்தால், அத்திருமுகத்துக்கு வேறு விரிவுரை வேண்டாம்.

சந்தவாசலுக்கு மேற்கே மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றுக்கு அன்று பிற்பகல் நம் உபதேசியாரோடு செல்ல வேண்டியிருந்தது. அங்கே நமக்குப் பழக்கமான ஒரு குடும்பம். அவர்களுடைய மகள் கீழே ஒரு விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். விடுமுறைக்கு வீடு வந்திருந்தாள். “ஸ்தோத்திரம் சாமி” என்று வரவேற்றுத் திண்ணையில் அமரச் செய்தார்கள். நாம் வருவோமென்று முன்பே சொல்லியிருந்ததால் அடுப்பில் வெள்ளை அரிசி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு சிறிய பானை மூடியிருந்தது. அதிலிருந்து வந்த மணம் இளமையிலிருந்து நமக்குத் தெரிந்தது.

“அந்தப் பானையில் என்னம்மா?” என்றோம்.

பெண் விரைந்து போய் அதைக் கதவுக்குப் பின்னே நகர்த்தினாள். தாய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “அது எங்களுக்கு, சாமி. பழைய சாமை கொஞ்சம் இருந்துச்சு. சாமிக்குப் போயி சாமைச் சோறா போடுறது?” என்றார்.

நாம் அதையே வேண்டும் என்று கேட்டதில் அவர்களுக்கு உண்மையாகவே வருத்தம். விருந்தாளிக்கு நெல்லுச் சோறு இடுவது அந்த வீட்டின் மானம். அதை நாம் மறுப்பதாகவே அவர்கள் எண்ணினார்கள். ஆகவே இரண்டையும் இலையில் வாங்கிக்கொண்டோம். சாமைச் சோற்றோடு அவரைக்கொட்டைக் குழம்பு. உபதேசியார் பேச்சுவாக்கில் மகளின் செய்தியைச் சொன்னார். பள்ளியில் சேர்ந்த புதிதில் வீட்டிலிருந்து சாமைச் சோறு கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளைகள், குருவித் தீனி என்று சிரித்தார்களாம். அதன்பின் அவள் டப்பா கொண்டு போனதேயில்லை. சிரித்த பிள்ளைகளும் பெரிய செல்வர் வீட்டுப் பிள்ளைகளல்லர். இரண்டொரு படி மேலே நின்றவர்களே.

உள்ளேயிருந்த பாட்டி இதைக் கேட்டுக்கொண்டே வந்தார். “டவுன்ல டாக்டருங்க இதத்தான் துன்னச் சொல்றாங்களாமே, சாமி? எங்கள யாருஞ் சொல்லல, நாங்களாவே துன்னோம்” என்றார். அவர் பேச்சில் கசப்பு இல்லை. சற்றே குறும்பு இருந்தது.

சென்னைக் கடைகளில் சாமை அரிசி என்ன விலைக்குப் போகிறது என்று தாய் கேட்டார். நாம் அறிந்ததைச் சொன்னோம். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் முற்றத்தைப் பார்த்தார். சென்ற அறுவடையில் வியாபாரியிடம் அளந்து போட்டதை இருவரும் மனத்துக்குள் கணக்கிட்டிருக்க வேண்டும். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

மகள்தான் பேசினாள். “அதை வாங்கிட்டுப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்களும் டப்பாவுல கொண்டாருவாங்களா, சாமி?”

“கொண்டாருவாங்க பாப்பா” என்றார் உபதேசியார். “ஆனா அதுக்கு மில்லெட்டுன்னு பேரு வெச்சிருப்பாங்க.”

பெண் சிரித்துவிட்டாள். பாட்டி அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், நாவில் ஏறவில்லை. பானையைக் கதவுக்குப் பின்னாலிருந்து தாமே எடுத்துவந்து நம் இலையில் இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.